ஆறு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்துக்கு மூன்றே சில்லறை நோட்டு

திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பள நாள். பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் வங்கிக் கணக்கில் சம்பளம் போடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றாலும், வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட்டுகளில் வாரக் கூலி இன்னும் கவரில்தான் போகிறது. அப்படியொரு யூனிட்டில் 148 பேருக்குக் கணக்கு எழுதும் வேலை, 2022 தீபாவளி முடிந்த கையோடு எனக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் இருபது வருடங்களுக்கு மேலாக அதைப் பார்த்துவந்த பெரியவர் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது அவர் விட்டுச்சென்றது கோடு போட்ட நீளமான நோட்டுகள் சில மட்டுமே. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 500, 200, 100, 50, 20, 10 என்று கட்டம் கட்டி, எத்தனை நோட்டு என்று பென்சிலால் எழுதியிருப்பார். இதற்காக வாராவாரம் வெள்ளிக்கிழமை காலை மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பாராம். கணினி இருக்கும் காலத்தில் இது என்ன வீண் வேலை என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில்தான் தொல்லை தொடங்கியது.

ஒரு தொகையை நோட்டுகளாகப் பிரிக்கும் நிரலைக் கணினிப் பாடம் படித்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது எழுதியிருப்பார்கள். தொகையை 500-ஆல் வகுத்தால் கிடைக்கும் ஈவு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளின் எண்ணிக்கை. மீதியை 200-ஆல் வகுக்க வேண்டும். அதன் மீதியை 100-ஆல் வகுக்க வேண்டும். இப்படியே பத்து ரூபாய் வரை இறங்கி வந்தால் முடிந்தது. ஒவ்வொரு படியிலும் எடுக்கக்கூடிய பெரிய நோட்டையே எடுப்பதால் இதைப் பேராசை முறை என்பார்கள். கல்லூரித் தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். பைதான் என்ற நிரல் மொழியில் பன்னிரண்டு வரியில் எழுதி முடித்து, அந்த வாரத்து மொத்தச் சம்பளமான 6,42,730 ரூபாயை உள்ளே கொடுத்தேன். ஐந்நூறு 1,285, இருநூறு ஒன்று, இருபது ஒன்று, பத்து ஒன்று என்று நொடியில் விடை வந்தது. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நவம்பர் 11, வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போனேன். ஆறு லட்சத்துக்கு மேல் எடுக்கிறவன் சில்லறையாக மூன்றே மூன்று நோட்டு கேட்கிறானே என்று காசாளர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மற்ற கம்பெனிக்காரர்கள் சில்லறைக்காக அவரிடம் மன்றாடிக்கொண்டிருக்க, நான் மட்டும் அவருக்கு வேலை வைக்காமல் வாங்கிவந்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கவர் போட உட்கார்ந்தேன். முதல் பெயருக்கு 4,870 ரூபாய். ஒன்பது ஐந்நூறு வைத்தேன். இன்னும் 370 வேண்டும். கையில் இருந்ததோ ஒரு இருநூறு, ஒரு இருபது, ஒரு பத்து. வயிற்றில் ஏதோ புரண்டது. அடுத்த பெயருக்கு 4,310. அதற்கடுத்து 3,960. ஒருவருக்கும் கவர் முடியவில்லை. 148 பேருக்கும் சேர்த்த மொத்தத்தைத்தான் நான் பிரித்திருக்கிறேன், ஆளாளுக்குப் பிரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. 2015 செப்டம்பரிலிருந்தே இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிகள் இயங்குவதில்லை. வங்கி திறந்திருக்கும் சனிக்கிழமையாக இருந்தாலும் ஐந்து மணிக்கு மேல் அங்கே யாரும் இருக்கப்போவதில்லை.

அவசர அவசரமாக ஆளாளுக்குக் கணக்கிட்டுப் பார்த்தபோது உண்மையில் தேவைப்பட்டவை இவை: ஐந்நூறு 1,213, இருநூறு 117, நூறு 61, ஐம்பது 74, இருபது 116, பத்து 71. மொத்தம் அதே 6,42,730தான். ஆனால் என்னிடம் 72 ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் அதிகமாக இருந்தன. அந்த 36,000 ரூபாயைச் சனிக்கிழமை இரவில் சில்லறையாக மாற்றியாக வேண்டும். பெட்ரோல் பங்கில் தெரிந்தவர் ஒருவர் 6,000 ரூபாய்க்குக் கொடுத்தார். பேருந்து நிலையத்தின் பக்கம் சில்லறை மாற்றிக் கொடுப்பவரிடம் 20,000 ரூபாய்க்கு நூற்றுக்கு ஐந்து வீதம் கமிஷன் கொடுத்து வாங்கினேன். மீதி 10,000 ரூபாய்க்கு வழியில்லாமல், இரண்டிரண்டு பேராகச் சேர்த்து ஒரு நோட்டைக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லியும், சிலருக்குப் பாக்கி எழுதிவைத்தும் சமாளித்தேன். ஏழரை மணிக்கு முடிய வேண்டிய சம்பளம் பத்தே முக்காலுக்கு முடிந்தது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட பெண்களை வண்டி வைத்து அனுப்ப 600 ரூபாய் ஆயிற்று. கமிஷன் ஆயிரத்தோடு சேர்த்து 1,600 ரூபாய் என் கையிலிருந்து போனது. அந்தப் பணத்தைவிட, பெரியவர் இருந்தவரைக்கும் இப்படி ஆனதில்லை என்று வரிசையில் நின்ற யாரோ மெல்லச் சொன்னதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

இதே வேலையில் இறங்குபவர்கள் இந்த ஒன்றை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று பேருக்கு ஆளுக்கு 4,870 என்றால் மொத்தம் 14,610. மொத்தத்தைப் பிரித்தால் ஐந்நூறு 29, நூறு ஒன்று, பத்து ஒன்று என்று வரும். ஆளாளுக்குப் பிரித்துக் கூட்டினால் ஐந்நூறு 27, இருநூறு மூன்று, நூறு மூன்று, ஐம்பது மூன்று, இருபது மூன்று என்று வரும். இரண்டும் ஒரே தொகை, ஆனால் இரண்டாவதை மட்டுமே மூன்று கவர்களில் போட முடியும். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் தனியாகப் பிரித்து, பிறகு ஒவ்வொரு நோட்டின் எண்ணிக்கையையும் மேலிருந்து கீழாகக் கூட்டி வரும் சீட்டைத்தான் வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரியவரின் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தக் கட்டங்களின் கூட்டுத்தொகை சிவப்பு மையில் இருந்தது. வீண் வேலை என்று நான் நினைத்த நோட்டிலேயே முழு வழிமுறையும் எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்கத்தான் எனக்குப் பொறுமை இல்லை.

நிரலைத் திருத்திய பிறகு சில வாரங்கள் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அக்கா ஒருவர் கவரைப் பிரித்து எண்ணிவிட்டுத் திரும்பி வந்தார். "ஏனுங்க தம்பி, இந்த வாரம் பத்து ரூபாய் குறையுதுங்களே" என்று தன் சிறிய பாக்கெட் நோட்டைக் காட்டினார். அவர் கணக்கில் 4,435, என் கணக்கில் 4,434. எங்கள் வழக்கப்படி ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த பத்துக்கு ஏற்றியும், குறைவாக இருந்தால் இறக்கியும் கொடுத்துவிட்டு, வித்தியாசத்தை அடுத்த வாரத்தில் சேர்ப்போம். ஆகவே 4,440 போயிருக்க வேண்டிய கவரில் 4,430 போயிருந்தது. அவர்தான் தப்பாக எழுதியிருப்பார் என்று முதலில் நினைத்தேன். அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அவர் செய்த வேலைகளில் ஒன்று பீஸுக்கு 4 ரூபாய் 35 காசு வீதம் நூறு பீஸ். எந்தக் குழந்தையும் 435 என்று சொல்லிவிடும். பைதானில் 4.35-ஐ 100-ஆல் பெருக்கினால் 434.99999999999994 என்று வருகிறது. கணினி பின்னங்களை இரண்டடிமான எண்களாக, அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்துச் சேமிக்கிறது, 4.35 அந்த முறையில் முடிவில்லாமல் நீளும் என்பதால், அதற்கு மிக அருகிலுள்ள வேறோர் எண்ணையே வைத்துக்கொள்கிறது. நானோ பெருக்கி வந்த விடையின் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை அப்படியே வெட்டி எறிந்திருந்தேன், 435 என்பது 434 ஆகிவிட்டது. முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன், 4.50, 5.25 போன்ற விலைகளில்தான் பார்த்தேன். அரையும் காலும் இரண்டடிமானத்தில் துல்லியமாக அடங்கிவிடும் என்பதால் அவற்றில் பிழை தலைகாட்டாது. பணக் கணக்கு எழுதுபவர்கள் தசமப் புள்ளியை நிரலுக்குள் விடவே கூடாது. விலையை 435 காசு என்று முழு எண்ணாக வைத்துப் பெருக்கினால் 43,500 காசு என்று பிசகில்லாமல் வரும். ரூபாயாக மாற்றுவதைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்தால் போதும். பழைய வாரங்களையெல்லாம் புதிய முறையில் ஓட்டிப் பார்த்ததில் எல்லோருக்குமாகச் சேர்த்து 317 ரூபாய் குறைத்துக் கொடுத்திருந்தேன். தலைக்கு இரண்டு, மூன்று ரூபாய்தான். ஆனாலும் பட்டியல் எழுதி முதலாளியிடம் காட்டி, அடுத்த வாரக் கவர்களில் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் மனம் ஆறியது.

இன்னொரு பிழை சிரிப்பூட்டக்கூடியது. அட்வான்ஸ் வாங்கியிருந்த ஒருவர் அந்த வாரம் மூன்று நாள்தான் வந்திருந்தார். கூலி 1,870, பிடித்தம் 2,000. நிகரத் தொகை 130 ரூபாய் கழித்தல் குறியோடு நிரலுக்குள் போயிற்று. பைதானில் கழித்தல் எண்ணை வகுத்தால் ஈவு கீழ்நோக்கிச் செல்லும். ஆகவே ஐந்நூறு ரூபாய் நோட்டு கழித்தல் ஒன்று, பிறகு இருநூறு ஒன்று, நூறு ஒன்று, ஐம்பது ஒன்று, இருபது ஒன்று என்று சீட்டில் அச்சாகியிருந்தது. அவருக்கு 370 ரூபாய் கொடுத்துவிட்டு ஒரு ஐந்நூறைப் பிடுங்கிக்கொள் என்று பொருள். கூட்டினால் கழித்தல் 130 என்று மிகச் சரியாக வருவதால், தொகை ஒத்துப்போகிறதா என்று நான் வைத்திருந்த சோதனையும் இதை மறிக்கவில்லை. கூட்டுத்தொகை சரியாக இருப்பது மட்டும் போதாது. எந்த எண்ணிக்கையும் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை என்பதையும், நிகரத் தொகை கழித்தலாக இருந்தால் அந்தப் பெயரைப் பிரிக்காமல் தனியே எடுத்து வைப்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2023 பொங்கல் சமயம். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்காக ஜனவரி 13, வெள்ளிக்கிழமையே சம்பளம் என்று முடிவாகியிருந்தது. காலையில் வங்கிக்குப் போனால் நூறு ரூபாய் நோட்டு ஒன்றுகூட இல்லை என்றார்கள். இருநூறு எவ்வளவு வேண்டுமானாலும் தருவதாகச் சொன்னார்கள். ஐம்பதும் இருபதும் ஒவ்வொரு கட்டுதான். கிடைத்ததை வாங்கிவந்து, நிரலிலிருந்து நூறை எடுத்துவிட்டு ஓட்டினேன். 4,600 ரூபாய்க்கு ஒன்பது ஐந்நூறு எடுத்துக்கொண்டு, மிஞ்சிய நூறுக்கு இரண்டு ஐம்பதை எடுத்தது. இப்படியே போய் அறுபதாவது பெயரை எட்டுவதற்குள் ஐம்பது தீர்ந்தது. பிறகு நூறுக்கு ஐந்து இருபது என்று எடுக்கத் தொடங்கி அதுவும் தீர்ந்தது. அதற்குப் பின் வந்த பெயர்களில் பாதிக்குப் பிரிக்க முடியவில்லை என்று கைவிரித்துவிட்டது. மேசையில் இருநூறு கட்டுக் கட்டாக இருந்தது. எதிரே இருந்த கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, எட்டு ஐந்நூறும் மூன்று இருநூறும் வைத்தால் 4,600 ஆகிவிடுமே என்றார். ஆகத்தான் செய்கிறது. ஒன்பதாவது ஐந்நூறை எடுக்காமல் விட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, என் நிரலுக்குத் தெரியவில்லை.

பாடப் புத்தகத்தில் எல்லா நோட்டும் வேண்டுமளவு கையில் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் கணக்கு தொடங்குகிறது. அந்த நிலையில் 500, 200, 100, 50, 20, 10 என்ற நம்முடைய வரிசைக்குப் பேராசை முறை எப்போதும் மிகக் குறைந்த எண்ணிக்கையைத் தரும். எல்லா வரிசைக்கும் அப்படியல்ல. 1, 3, 4 என்று நாணயங்கள் இருந்தால் 6-க்கு அது 4, 1, 1 என்று மூன்றைத் தரும், 3, 3 என்ற இரண்டு அதன் கண்ணில் படாது. நம் வரிசையில் நூறை உருவினாலும் எண்ணிக்கை கூடிவிடாது, 4,600-க்கு இரண்டு வழியிலும் பதினொரு நோட்டுதான்; ஐம்பதும் இருபதும் அளவாகவே இருந்ததுதான் அன்று காலை வாரிவிட்டது. பத்தை உருவினால் இன்னும் மோசம்: 60 ரூபாய்க்கு ஐம்பதை எடுத்துவிட்டுப் பத்துக்குத் திண்டாடும், மூன்று இருபது என்று யோசிக்காது. அன்று கையாலேயே கவர் போட்டு முடித்துவிட்டு, விடுமுறையில் நிரலைத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு நோட்டும் எத்தனை இருப்பில் இருக்கிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளும். பெரிய நோட்டை எடுத்துப் பார்த்து, மீதியைப் பிரிக்க வழியில்லை என்றால், எடுத்ததில் ஒன்றைத் திரும்ப வைத்துவிட்டு மறுபடி முயலும். வரிசையில் முதலில் இருப்பவர்கள் சில்லறையை வாரிக்கொண்டு போய்விடுவதைத் தடுக்க, எல்லோருக்கும் ஐந்நூறுக்கு உட்பட்ட பகுதியை முதலில் ஒதுக்கிவிட்டு, ஐந்நூறுகளைக் கடைசியில் வைக்கும்படி மாற்றினேன். 148 பெயருக்கு இது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. இதைவிட நுட்பமான வழிகள் இருக்கின்றன, ஆனால் நம் அளவுக்கு இதுவே ஏராளம்.

குறைந்த எண்ணிக்கை என்ற குறிக்கோளே தவறு என்று எனக்குப் புரிய மேலும் சில வாரங்கள் ஆயின. பெரியவரின் நோட்டில் பெரும்பாலான பெயர்களுக்கு ஐந்நூறு ஒன்று குறைவாகவும், நூறு ஐந்து கூடுதலாகவும் இருந்தது. இது ஏன் என்று செக்கிங் பகுதிப் பெண்களிடம் கேட்டபோது, சனிக்கிழமை இரவு காய்கறிக் கடையிலும் பேருந்திலும் ஐந்நூறை நீட்டினால் முகம் சுளிக்கிறார்கள் என்றும், அதற்காகப் பெரியவர் கடைசி ஐந்நூறை உடைத்தே கொடுப்பார் என்றும் சொன்னார்கள். ஒடிசாவிலிருந்து வந்து தங்கியிருக்கும் பையன்கள் அதற்கு நேர்மாறு. ஊருக்குக் கொடுத்தனுப்புவதால் எல்லாமே ஐந்நூறாக இருந்தால் நல்லது என்றார்கள். நான் கணினியை வைத்து நோட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அப்படிக் குறைக்கச் சொல்லி என்னிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு பெயருக்கும் கடைசி ஐந்நூறை உடைக்க வேண்டுமா என்று குறித்துக்கொள்ளும் ஒரு பத்தி இருக்கிறது.

அந்த ஆண்டு மே மாதம் 19ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை, இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஒரு பார்ட்டி கொடுத்திருந்த இரண்டாயிரம் நோட்டுகள் எங்கள் பெட்டியிலும் இருந்தன. அவற்றைச் சம்பளத்தில் கலந்துவிடலாம் என்ற யோசனை வந்தபோது, மறுக்காமல் இரவோடு இரவாக நிரலின் பட்டியலில் 2000 என்று சேர்த்தேன். அந்த நோட்டு செல்லாமல் போகவில்லை, அப்போது வங்கியில் மாற்றிக்கொள்ள முடிந்தது என்பது உண்மைதான்; ஆனால் வரிசையில் நின்று மாற்றும் சுமையை ஆறு நாள் தைத்தவர்கள் தலையில் கட்டியிருக்கக் கூடாது. ஒருவரும் வாங்க மாட்டோம் என்று சொல்லி எங்களைத் தலைகுனிய வைத்துவிட்டார்கள், அவர்கள் செய்தது நியாயம். அதோடும் தீரவில்லை. சேர்த்த வரியை எடுக்க மறந்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வங்கியில் நீட்டிய சீட்டின் முதல் வரியே இரண்டாயிரம் ரூபாய் நோட்டு இத்தனை வேண்டும் என்று கேட்டது. "எல்லாரும் கொண்டுவந்து கொட்டிட்டு இருக்காங்க, நீங்க ஒருத்தர்தான் சார் கேக்கறீங்க" என்று காசாளர் சிரித்தார். புதிய இரண்டாயிரம் கொடுக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு அறிவித்திருந்த செய்தியை நானே படித்திருந்தும், சீட்டைப் படிக்காமல் நீட்டியிருந்தேன். எந்த நோட்டு புழக்கத்தில் இருக்கிறது என்பது நிரலின் உடம்பில் எழுதப்பட வேண்டியதல்ல. இருநூறு ரூபாய் நோட்டே 2017 ஆகஸ்டில்தான் வந்தது. இனியும் வரும், போகும். அதைத் தனியொரு கோப்பிலோ முகப்புத் திரையிலோ வைத்து, ஒவ்வொரு வாரமும் கண்ணால் பார்த்து உறுதி செய்யும்படி அமைப்பதே நல்லது.

அந்தத் திரையில் இப்போது ஏழு வரிகள் இருக்கின்றன, ஆறு அல்ல. பத்து ரூபாய் நோட்டும் பத்து ரூபாய் நாணயமும் மதிப்பில் ஒன்றுதான் என்று ஒரே வரியில் வைத்திருந்தேன். நாணயம் செல்லுபடியாகும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும், எங்கள் தெருக் கடைகள் சிலவற்றில் அதை வாங்குவதில்லை. நாணயம் போன கவர்கள் திங்கட்கிழமை காலை என் மேசைக்குத் திரும்பி வந்தன. இரண்டையும் பிரித்த பிறகு, நாணயம் வேண்டும் என்பவர்களின் பெயர்களில் மட்டும் குறி வைத்திருக்கிறேன். டீ கொண்டுவரும் அண்ணன் அதில் ஒருவர், அவருக்கு எத்தனை கொடுத்தாலும் போதவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை வங்கியில் இருபது ரூபாய்க் கட்டு இல்லை என்றார்கள். வாசலில் வண்டியின் மீது மடிக்கணினியை வைத்து, இருபதுக்கு எதிரே பூஜ்யம் போட்டு ஓட்டினேன். பத்து கூடுதலாகக் கேட்டுப் புதிய சீட்டு வந்தது. திரும்ப உள்ளே போவதற்கு முன் முதல் ஐந்து பெயர்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.